மூன்றாவது மன்றாட்டு

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். அப்புறம் முழங்காலுக்கு இறங்கும். கடைசியாக நாக்குக்கு ஏறும். நாக்குக்கு ஏறிவிட்டால் சிரிப்புக்காட்ட ஆரம்பித்துவிடுவேன். என்னைப் பெரிய வேடிக்கைக்காரன் என்று நம்பிக் கல்யாண வீடுகளில் பக்கத்தில் இடம் போட்டு உட்காரவைக்கிறவர்களுக்கு இது தெரியாது. நான் மூச்சுவிடாமல் ஜோக்கு சொல்லிக்கொண்டிருந்தால், எதற்கோ நடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்த வருடம் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த புதிது. அதுவரை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற சாமியார் இப்போது திரும்பி நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார். பூசையில் தூங்கிப் பழகியவனுக்கு இது பெரிய இடைஞ்சல். போதாததற்கு மன்றாட்டு என்று ஒன்றையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இன்னாருக்காக ஆண்டவரை மன்றாடுவோம் என்று சொல்ல வேண்டும். சனங்கள் எல்லாரும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் புரியாத பாஷைக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்கள் இல்லையா? புரிகிற பாஷைக்கும் அதே வேகத்தில், என்ன ஏது என்று கேட்காமல் பதில் சொல்லின.

மே மாதம் எங்கள் கல்லூரிச் சாமியார் ஒருவர் கத்தோலிக்க மாணவர்களுக்கு மலைமேல் ஒரு முகாம் நடத்தினார். மதுரை, திருச்சி, பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து இருபது பேர் வந்தார்கள். சமூக நீதியைப் பற்றி ஒரு வாரம் படிப்பு. நீதிக்காக வந்தவர்களும் அதில் இருந்தார்கள். நான் வெயிலுக்குப் பயந்து வந்தவன். வத்தலக்குண்டு தாண்டி பஸ் முதல் வளைவில் திரும்பியதுமே வெயிலே தேவலை என்று தோன்றிவிட்டது. கண்ணை மூடியவன் பெருமாள்மலையில்தான் திறந்தேன். நடுவில் ஐம்பத்து மூன்று மணி செபமாலையை இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தேன்.

பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பிளம்ஸ் தோட்டத்துக்குள் இருந்த பங்களாதான் முகாம். தோட்டத்து முதலாளியும் எங்கள் சபைக்காரர்தான். பங்களாவை எங்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, மேட்டில் இருந்த இன்னொரு வீட்டுக்கு மனைவியோடு போயிருந்தார். தினமும் காலையில் ஒரு குடம் பாலும், மத்தியானத்துக்கு ஒரு கூடை பீன்சும் அனுப்புவார்.

சாமியாருடைய பாடம் மூன்றே சொல்லில் அடங்கும். பார், யோசி, செய். காலையில் தொழிலாளர்களைப் பற்றிப் பாப்பரசர்கள் எழுதிய நிருபங்களை வாசித்து விளக்குவார். மத்தியானம் இரண்டிரண்டு பேராக வெளியே போய், உழைக்கிற சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து வர வேண்டும். சாயங்காலம் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். முகாம் முடிவதற்குள் ஒரு காரியமாவது செய்ய வேண்டும். பார்ப்பதும் யோசிப்பதும் எனக்கு நன்றாக வந்தன. அந்த மூன்றாவது சொல்லைக் கேட்கும்போதுதான் வயிறு லேசாகக் கலங்கும்.

எனக்குச் சோடியாக வந்தவன் பாளையங்கோட்டைக்காரன். தடித்த கண்ணாடி போட்டவன், எதையும் விளையாட்டாக எடுக்கத் தெரியாதவன். அவனோடு இரண்டு நாள் அநியாயத்தைத் தேடி அலைந்தேன். பெருமாள்மலைச் சந்திப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம், உங்களுக்கு என்ன குறை என்று அவன் நோட்டும் பென்சிலுமாகப் போய்க் கேட்டான். வழியில் நிற்கிறீர்கள், அதுதான் குறை என்றார்கள். டீக்கடை ராவுத்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்.

“அநியாயத்தத் தேடியா தம்பி இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க? நீங்க படுத்திருக்கிற தோட்டத்துலயே ஒண்ணு கெடக்கே.”

அப்படித்தான் காவல்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்தின் கீழ் மூலையில் ஒற்றை அறை வீடு. காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டு இருட்டில் ஓடியபோது கல்கட்டிலிருந்து விழுந்து அவருக்குக் கால் ஒடிந்திருந்தது. கட்டுப் போட்டு நாலு மாதம் ஆகியும் ஊன்ற முடியவில்லை. வேலியைச் சுற்றி வர முடியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி வேறு ஆள் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை புது ஆள் குடும்பத்தோடு வருகிறார். வீடு வேலையோடு சேர்ந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் இவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். எங்கே போவது என்று கேட்டதற்கு, மன்னவனூரில் பூண்டுக் காட்டில் வேலை பார்க்கிற மச்சானோடு போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். மச்சான் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்பதுபோலச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலக் கூட்டத்தில் கண்ணாடிக்காரன் இதைச் சொன்னதும் எல்லாரும் தம்ளரைக் கீழே வைத்தார்கள். நாங்கள் குடித்துக்கொண்டிருந்த காப்பியில் இருந்தது முதலாளியின் பால். சாமியார் மட்டும், “அப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்டார். முதலாளியிடம் நேரே போய்க் கேட்பது, கால் குணமாகும்வரை வீட்டில் இருக்கவிடச் சொல்வது என்று முடிவாயிற்று. யார் கேட்பது? முந்தின நாள் முகாமில் போட்ட நாடகத்தில் நான் பிலாத்து வேடம் போட்டு எல்லாரையும் சிரிக்கவைத்திருந்தேன். நல்லாப் பேசுவான், இவனே போகட்டும் என்று பத்தொன்பது பேரும் கை தூக்கினார்கள். பிலாத்து கையைக் கழுவி ஒதுங்கிக்கொண்டவன் என்பதை ஒருவனும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் கண்ணாடிக்காரனும் மேட்டு வீட்டுக்குப் போனோம். கேட்டுக்குள் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் சங்கிலியில் நின்றது. கண்ணாடிக்காரன் சின்ன வயதில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவன். நான் இங்கேயே நிற்கிறேன், நீ போய்ப் பேசிவிட்டு வா என்று வேலியோரம் நின்றுகொண்டான். நாய்க்கும் முதலாளிக்கும் நடுவில் எனக்குத் தனியாக ஒரு பாதை கிடைத்தது.

முதலாளி அன்பாகத்தான் இருந்தார். அதுதான் மோசம். கொடுமைக்காரனாக ஒருவரை மனதுக்குள் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவரோ கம்பளித் தொப்பியும் சால்வையுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாங்க தம்பி என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். குளிர் ஒத்துக்கொள்கிறதா என்றார். ஒத்துக்கொள்கிறது என்றேன். பால் போதுகிறதா என்றார். மிஞ்சுகிறது என்றேன். அதற்குள் பயம் முழங்காலைக் கடந்து நாக்குக்கு வந்துவிட்டது. பஸ் வளைவில் செபமாலை சொன்ன கதையை நடித்துக் காட்டினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாய் என்ன சாதி என்று கேட்டேன். பிளம்ஸ் மரத்துக்கு என்ன உரம் போடுவார்கள் என்று கேட்டேன். ஒரு தட்டு நிறையப் பழம் வந்தது. தின்றேன். காவல்காரர் என்ற சொல் தொண்டைவரை வரும், பழத்தோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

கடைசியில் அவரே கேட்டார்.

“வேற ஏதும் சோலியா வந்தீங்களா, தம்பி?”

“இல்லீங்கய்யா. சும்மா, நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான்.”

இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மூன்று தடவை மறுதலித்தார் என்று கோவிலில் வாசிப்பார்கள். எனக்கு ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

வேலிக்கு வெளியே கண்ணாடிக்காரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டிருக்கிறது. நான் கேட்டைத் தாண்டியதும் சட்டையைப் பிடித்தான்.

“என்னலே சொன்னாரு? சரின்னுட்டாரா?”

நல்ல மனிதர் என்றேன். அது பொய்யில்லை. நாளைக்குப் பூசைக்கு வருகிறார் என்றேன். அதுவும் பொய்யில்லை. இருக்கவிடுகிறாரா, அதைச் சொல் என்றான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் இரண்டும் பெரிதாக, ஈரமாக நின்றன. என் தலை தானாக மேலும் கீழும் ஆடியது. தலை ஆடிய பிறகு வாய் சும்மா இருக்க முடியுமா? “இருந்துக்கிறட்டும்னாரு” என்றது.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிட ஒரு நிமிடம் கிடைத்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் நிற்கவில்லை. காவல்காரர் வீட்டைப் பார்த்துச் சரிவில் ஓடினான். எனக்குச் சரிவென்றாலும் பயம். நான் ஒவ்வொரு மரமாகப் பிடித்து இறங்கிப் போவதற்குள் அங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மச்சான் பூண்டு மூட்டை சுமக்கிற மட்டக்குதிரை இரண்டைக் கொண்டுவந்து, சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டியிருந்தார். இப்போது அந்தக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பானை இறங்கியது, கட்டில் இறங்கியது, மாதா படம் இறங்கியது. ஏறின பொதியை இறக்கச் சொல்கிறார்களே என்று மச்சானுக்கு எரிச்சல். மன்னவனூரில் மூட்டை காத்துக் கிடக்கிறது, இனி ஒரு வாரத்துக்குக் குதிரையை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார். காவல்காரர் உட்கார்ந்தபடியே என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் குதிரையைப் பற்றி ஒரு ஜோக்கு சொன்னேன். பிள்ளைகள் சிரித்தன. குதிரைகளின் மணிச்சத்தம் மேட்டில் ஏறிக் காதுக்கு எட்டாமல் போகும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதுவரை இது வெறும் கோழைத்தனம். குதிரைகள் போன பிறகு இது வேறு. திங்கட்கிழமை புது ஆள் வந்து நிற்கும்போது இவர்களிடம் வீடும் இருக்காது, போவதற்கு வழியும் இருக்காது. அதைச் செய்தவன் முதலாளி அல்ல, நான்.

அன்று சாயங்காலம் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஒவ்வொருவராகப் போய்ச் செய்த பாவத்தை அவர் காதில் சொல்ல வேண்டும். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டேன். அடுத்த முறையும் விட்டேன். எல்லாரும் எனக்கு முன்னால் போய் வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் நான் முதல் ஆளாக எழுந்து ஓடினேன். என்னுடைய பெருந்தன்மையைக் கண்ணாடிக்காரன் பந்தியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை பங்களா வராந்தாவில். முதலாளியும் மனைவியும் முன்வரிசையில் நாற்காலியில். நாங்கள் சமுக்காளத்தில். மன்றாட்டு சொல்ல ஐந்து பேரைப் போட்டிருந்தார்கள். மூன்றாவது நான். மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லிச் சாமியார் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையில் இருந்தது. பூசை முடிந்ததும் முதலாளிக்கு யாராவது நன்றி சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டே வாசலைப் பார்த்தேன். காவல்காரர் மனைவி வந்துகொண்டிருந்தார். வெளுத்த சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, இரண்டு பக்கமும் பிள்ளைகள். நேரே என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்:

“பூசை முடிஞ்சதும் மொதலாளியப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன் தம்பி. அவரு வரமுடியாதுல்ல.”

அதற்கப்புறம் பூசையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மயக்கம் போட்டு விழலாம். ஆனால் விழுந்தவனைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு அந்தம்மா கும்பிடப் போய்விடுவார். பெருமாள்மலைக்கு ஓடினால் ஒன்பது மணி பஸ் கிடைக்கும். ஆனால் அந்த பஸ் அதே வளைவுகளில்தான் இறங்கும். முதல் மன்றாட்டு முடிந்தது, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” முதலாளி கனத்த குரலில், எல்லாருக்கும் அரை மூச்சு முன்னால் சொல்லி முடிப்பார். பாப்பரசருக்காக இரண்டாவது. மறுபடியும் அதே குரல். யாரோ என் முதுகில் குத்தினார்கள். எழுந்து போய் நின்றேன்.

சீட்டை எடுத்தேன். சீட்டுக்கு மேலாகப் பார்த்தால் கடைசியில் அந்தம்மா முக்காடு போட்டுக் கை கூப்பி நிற்கிறார். எனக்கு முன்னால் முதலாளி கண்ணை மூடியிருக்கிறார். யாரைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. இரண்டு பயத்தையும் எடை போட்டுப் பார்க்கிற அவகாசம்கூட இல்லை, வாய் திறந்துவிட்டது.

“இந்தத் தோட்டத்துக் காவல்காரர் குடும்பத்துக்காக” என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பிறகு எழுத்துத் தமிழ் என்னைக் கைவிட்டுவிட்டது. “அவரு கால் ஒடிஞ்சு கெடக்காரு. இன்னைக்குள்ள அவங்க வீட்டக் காலி பண்ணனும். போக எடமில்ல. அவங்கள அங்கயே இருக்கவிடணும்னும், நேத்து மொதலாளிகிட்ட இதக் கேக்கப்போயி, கேக்காமலே வந்து, சரின்னுட்டாருன்னு பொய் சொன்ன என்னை மன்னிக்கணும்னும் ஆண்டவரை மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பழகின வாய். முதலாளியும் சொல்லிவிட்டார், வழக்கம்போல அரை மூச்சு முன்னால், வராந்தாவே அதிர. சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். காதிலிருந்து கழுத்துவரை சிவப்பு இறங்குவதை நான் பார்த்தேன். அவருடைய மனைவி மட்டும் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாலாவது மன்றாட்டுக்காரன் எழுந்து வரவே இல்லை. சாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூசையின் அடுத்த பகுதியான காணிக்கைக்குப் போய்விட்டார்.

நாக்கில் நன்மை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த வாயோடு எப்படிப் போவது? வரிசை என்னைத் தாண்டிப் போனது. கண்ணாடிக்காரன் என்னைப் பார்க்காமல் தாண்டினான். வராந்தாவில் இன்னும் ஒருவர் எழுந்திருக்கவில்லை என்பதை வரிசை கலைந்த பிறகுதான் கண்டேன். முதலாளி நாற்காலியிலேயே இருந்தார், சால்வையை இறுக்கிக்கொண்டு.

பூசை முடிந்ததும் அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கிட்டத்தில் காவல்காரர் மனைவி வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கும்பிட வந்த கை எப்படி இருந்தது என்று மட்டும் தெரியும். கூப்பாமல் தொங்கியது.

“நேத்து எங்கிட்டக் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்” என்றார் முதலாளி. “அதுக்குப் பயந்துதான கேக்கல?”

“ஆமாங்கய்யா.”

“இன்னைக்கு எதுக்குச் சொன்ன?”

“இவங்க ஒங்களக் கும்புட வந்தாங்க. அதுக்குப் பயந்து.”

அவர் சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலேயும் என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டாயே என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். மூக்கை உறிஞ்சினார். அந்தம்மா பக்கம் திரும்பி, பேரிக்காய் சீசன் முடிகிறவரை இருந்துகொள்ளுங்கள், அதற்குமேல் எனக்கு அந்த வீடு வேண்டும் என்றார். புது ஆளுக்கு அதுவரை பங்களாவின் பின்கட்டு. அவ்வளவுதான் பேச்சு. மனைவியோடு மேட்டில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை பால் வந்தது, வழக்கமான அளவில்.

சாமியார் என்னைப் பாராட்டுவார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. மன்றாட்டு ஆண்டவரிடம் கேட்பதற்கு, மனிதரை அடிப்பதற்கல்ல, அடுத்த தடவை கேட்க வேண்டியவரிடம் போய்க் கேள் என்றார். கண்ணாடிக்காரன் முகாம் முடிந்து பஸ் இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஒருவர் வாயால் சொன்னார், இன்னொருவன் வாயை மூடிக்கொண்டு சொன்னான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், முதலாளி மேடேறிய கையோடு, காவல்காரர் மனைவி என்னிடம் சொன்னார்:

“தம்பி, நீங்களே வந்து அவருகிட்டச் சொல்லிருங்க. நேத்து நடந்தது, இன்னைக்கு நடந்தது, ரெண்டையும். நாஞ் சொன்னா நம்பமாட்டாரு. நேத்துலருந்து ஒங்களப் பத்தியே பேசிக்கிட்டிருக்காரு.”

முதலாளி வீட்டுக்கு ஏறியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அந்தம்மா முன்னால் நடந்தார், பிள்ளைகள் நடுவில், நான் கடைசி. வழியில் ஒரு ஜோக்கும் வரவில்லை. பயம் வயிற்றில் தொடங்கி முழங்காலுக்கு இறங்கியது, நாக்குக்கு மட்டும் ஏறவில்லை.

காவல்காரர், வீட்டுக்கு வெளியே ஒடிந்த காலை நீட்டி உட்கார்ந்து, சட்டி நிறைய மண்ணைக் குழைத்து வைத்துக்கொண்டு, சுவரின் அடிப்பக்கம் பெயர்ந்த இடங்களைப் பூசிக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் முடிந்திருந்தது. ஈர மண்ணில் அவருடைய விரல் தடம் வரிவரியாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, உட்கார ஒரு பலகையைத் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாயிலிருந்து ஆரம்பித்துப் பழத்தட்டு, தலை ஆடியது, குதிரைகள் போனது, பூசை, பேரிக்காய் சீசன்வரை எதையும் விடவில்லை.

அவர் கையில் இருந்த மண் சொட்டிக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகு பூசிய சுவரைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடப் பட்டது.

“குதிரை போனப்ப நீங்க இங்கனதான நின்னீங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“பாத்துக்கிட்டா நின்னீங்க?”

“ஆமாங்க.”

சரி என்று தலையாட்டினார். மனைவியைப் பார்த்து, பேரிக்காய் முடிய இன்னும் நாலைந்து மாதம் இருக்கும் இல்லையா என்று கேட்டார். அந்தம்மா ஆமாம் என்றார். அவர் மண்சட்டிக்குள் கையை விட்டு, ஒரு கை மண்ணை அள்ளி, அதில் பாதியைத் திரும்பச் சட்டியிலேயே போட்டார்.

“அப்ப இம்புட்டுக் கனமாப் பூச வேண்டியதில்ல” என்றார். மிச்சத்தைச் சுவரில் அப்பி மெல்லிசாகத் தேய்க்க ஆரம்பித்தார்.